எம்.ஓ.டி பாஸ், மூன்று கிழமையில் ஸ்பிரிங் உடைந்தது

கேள்வி, 9 நவம்பர் 2024

"அண்ணா, என்னுடையது 2011 பதிவு, சின்னப் பெற்றோல் கார், 84,000 மைல். ஒக்ரோபர் 18 எம்.ஓ.டி (இங்கே பிரித்தானியாவில் கார்களுக்கு வருடா வருடம் செய்ய வேண்டிய கட்டாயச் சோதனை) பாஸ். நேற்று விடிய ஸ்பீட் பம்ப்பில் ஏறி இறங்கும்போது முன் இடப்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பின்னேரம் கராஜுக்குக் கொண்டுபோனால் கொயில் ஸ்பிரிங் (சில்லுக்கு மேலே காரைத் தாங்கும் சுருள் கம்பி) உடைந்துவிட்டது என்கிறார்கள். மூன்று கிழமைக்கு முதல் பாஸ் பண்ணின கார். அப்ப அந்த 54 பவுண் என்னத்துக்கு? எம்.ஓ.டி என்பது காசு பிடுங்கிற வேலை என்றுதான் எனக்குப் படுகுது. பிழை என்றால் சொல்லுங்கோ."

9 நவம்பர், இரவு

பிழை என்றுதான் நினைக்கிறேன், தம்பி. கோபம் விளங்குகிறது. எனக்கும் இதுவே நடந்தது, 2019 பெப்ரவரியில், எம்.ஓ.டி முடிந்து ஐந்தாம் கிழமை. நானும் அன்றைக்கு இதைத்தான் சொன்னேன்.

எம்.ஓ.டியில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார்கள். கழற்ற அவர்களுக்கு அனுமதியும் இல்லை. கண்ணால் பார்ப்பது, கையால் ஆட்டுவது, தட்டிப் பார்ப்பது, பிறேக்கையும் புகையையும் கருவியில் அளப்பது, அவ்வளவும்தான். பாஸ் என்றால் அந்த நாளில், அந்த மணித்தியாலத்தில், வெளியே தெரிந்த அளவுக்கு, சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த தரத்தில் கார் நின்றது என்று பொருள். அடுத்த மாதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. சேர்ட்டிபிக்கட்டில் பாஸ் என்ற சொல்லைப் பார்த்த உடனே நாங்கள் மடித்து வைத்துவிடுகிறோம்.

ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் ஆக அடியில் இருக்கும் சுற்றில். அது ஒரு தட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். றோட்டில் இருந்து தெறிக்கிற தண்ணீர், மண், குளிர் காலத்தில் றோட்டில் தூவுகிற உப்பு எல்லாம் அந்தத் தட்டில்தான் தேங்கும். ஸ்பிரிங்கின் மேலே பூசிய பூச்சு அந்த இடத்தில் உரசி உரசிப் போய்விடும். பிறகு கறள் (துரு) ஒரு புள்ளியாகத் தொடங்கும். புள்ளி குழியாகும், குழியில் இருந்து வெடிப்பு ஓடும். குளிர் காலம், ஒரு பம்ப் அல்லது ஒரு குழி, முடிந்தது.

என்னுடைய காரை ராம்ப்பில் ஏற்றிவிட்டு மெக்கானிக் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். உடைந்த துண்டு தட்டுக்குள்ளேயே கிடந்தது. கையில் எடுத்தால் உடைந்த வளையல் மாதிரி, ஆனால் விரல் மொத்தம். உடைந்த முகத்தில் ஒரு ஓரம் மட்டும் மண்ணிறம், ஒரு அரிசி அகலம். மற்றதெல்லாம் புதிதாக வெட்டின இரும்பு மாதிரிச் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. "மண்ணிறம் பழைய வெடிப்பு, சாம்பல் இண்டைக்கு உடைஞ்சது" என்றார். தட்டுக்குள் மறைந்து கிடந்த அந்த அரிசி அகல வெடிப்பை எந்தச் சோதனைக்காரர் நின்றாலும் கண்டிருக்க முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் போனது.

10 நவம்பர்

நேற்று முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திருத்தும் வரைக்கும் அந்தக் காரை ஓட வேண்டாம். உடைந்த ஸ்பிரிங்கின் கூர் நுனி ரயரின் பக்கச் சுவருக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். என்னுடையதில் ரயரின் உட்பக்கத்தில் ஒரு நேர்கோடு மினுங்கிக்கொண்டிருந்தது, யாரோ ஆணியால் கீறின மாதிரி. நான் அதோடு இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன், பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு. மோட்டர்வேயில் அந்த ரயர் வெடித்திருந்தால்? நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது.

ஆபத்தான நிலையில் கார் ஓடினால் 2,500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளியும் உண்டு. எம்.ஓ.டி பாஸ் கையில் இருப்பது அதற்குக் காப்பு இல்லை.

10 நவம்பர், பின்னேரம்

ஒரு பக்கம்தான் உடைந்தது, இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மற்றப் பக்கமும் அதே வயது, அதே உப்பு. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் தளர்ந்தது என்றால் கார் சரியாக நிற்காது, பிறேக் பிடிக்கும்போது இழுக்கும். சோடியாக மாற்றுங்கள். எனக்கு அப்போது சின்னக் கராஜ் ஒன்றில் இரண்டுக்கும் சேர்த்து 180 பவுண் முடிந்தது. யூரியூப் பார்த்து வீட்டில் மாற்ற வெளிக்கிட வேண்டாம். அமத்திப் பிடித்த ஸ்பிரிங் கைநழுவினால் ஆளைக் கொல்லும்.

12 நவம்பர்

முறைப்பாடு செய்யலாமா என்ற கேள்விக்கு: செய்யலாம். பாஸ் பண்ணியிருக்கக்கூடாத காரைப் பாஸ் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்தால் எம்.ஓ.டியைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான டி.வி.எஸ்.ஏவுக்கு எழுதலாம். சோதனை நடந்து 28 நாளுக்குள், கறள் சம்பந்தமான குறை என்றால் 3 மாதத்துக்குள். உங்களுடைய சோதனை ஒக்ரோபர் 18, எனவே 28 நாள் வருகிற வெள்ளி 15ஆம் திகதியோடு முடிகிறது. அவர்கள் பார்க்கும் முன் திருத்திவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதையும் யோசியுங்கள்.

13 நவம்பர்

இரவு படுத்திருந்து யோசித்தேன். முறைப்பாடு போட முதல் கராஜுக்குப் போன் எடுத்து, உடைந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுக்க மண்ணிறமாக இருந்தால் அது சோதனைக்கு முதலே உடைந்திருக்கலாம், எழுதுங்கள். ஓரம் மட்டும் மண்ணிறம், மிச்சம் பளபளப்பு என்றால் அந்தச் சோதனைக்காரர் மேல் பழி போடுவது சரியில்லை. அவரும் எங்களைப் போல வேலைக்குப் போய் வருகிற ஒரு ஆள். அவருடைய பேரில் ஒரு முறைப்பாடு போடுவது சின்ன விசயம் இல்லை.

14 நவம்பர்

படம் பார்த்தேன். முக்கால்வாசி பளபளப்பு. நேற்றுச் சொன்னதுதான். திருத்தி எடுங்கள்.

17 நவம்பர்

ஞாயிறு, கொஞ்சம் நேரம் இருக்கிறது, விரிவாக எழுதுகிறேன். நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

அரசாங்கத்தின் இணையத்தளத்தில் காரின் நம்பரைப் போட்டால் அதன் முழு எம்.ஓ.டி சரித்திரமும் வரும். 2005இல் இருந்து நடந்த சோதனைகள் எல்லாம் கிடக்கும். காசு இல்லை. யாருடைய காரையும் பார்க்கலாம். இந்த நாட்டில் கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி ஒன்றும் இல்லை என்பேன். எங்கள் ஆட்களில் அதைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. பாஸா, பெயிலா, அதோடு சரி.

பார்க்க வேண்டியது அட்வைசரி. 2018 மே 20இல் இருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் பெயில். மைனரும் அட்வைசரியும் பாஸோடு வரும். அட்வைசரி என்றால் "இப்ப பரவாயில்லை, ஆனா கண் வைத்திரு" என்று சோதனைக்காரர் எழுதி வைக்கிற குறிப்பு. அவர் காருக்கு அடியில் நின்று பார்த்ததை உங்களுக்கு எழுதிய கடிதம் அது.

உங்கள் காருடைய சரித்திரத்தை நீங்கள் ஒட்டியிருந்தீர்கள் அல்லவா, அதை வாசித்தேன். 2021இல் "முன் ஸ்பிரிங் கறள்" அட்வைசரி. 2022இல் அதே. 2023இல் அதே, இரண்டு பக்கமும். இந்த வருடம் இல்லை. நீங்கள் ஸ்பிரிங் மாற்றவில்லை. கறள் தானாகப் போகாது. வேறு கராஜ், வேறு ஆள், அல்லது அன்றைக்குச் சேறு மூடி இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக உங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், தம்பி. குறை சொல்வதற்காக எழுதவில்லை. 2019இல் என்னுடையதை எடுத்துப் பார்த்தபோது எனக்கும் இரண்டு வருடம் எழுதியே இருந்தது.

வாசிக்கும்போது இரண்டு சொல் ஆட்களைக் குழப்பும். நியர்சைட் என்றால் நடைபாதைப் பக்கம், இங்கே இடப்பக்கம். ஓஃப்சைட் என்றால் ஓட்டுபவர் இருக்கிற பக்கம். என் மச்சாள் ஓஃப்சைட்டைப் பின்பக்கம் என்று நினைத்துப் பின் ரயரை மாற்றி வந்தார்.

17 நவம்பர், இரவு

அப்ப புதுக் கார்களுக்கு ஏன் எம்.ஓ.டி இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிவு செய்து 3 வருடம் வரை தேவையில்லை. எம்.ஓ.டி சோதனையே 1960இல் ஏர்னெஸ்ற் மார்பிள்ஸ் போக்குவரத்து மந்திரியாக இருந்தபோது வந்தது. அந்த அமைச்சின் பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்.ஓ.டி. அமைச்சின் பெயர் எத்தனையோ தரம் மாறிவிட்டது, சோதனையின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. தொடக்கத்தில் 10 வயது தாண்டிய வாகனங்களுக்கு மட்டும், பிறேக், லைற், ஸ்ரியறிங் மட்டும். 1967இல் 3 வருடமாக இறக்கினார்கள். போன வருடம் அதை 4 ஆக்கலாமா என்று அரசாங்கம் கருத்துக் கேட்டது. இந்த வருடம் ஜனவரியில் 3 ஆகவே இருக்கட்டும் என்று முடிவு வந்தது. எனக்குச் சந்தோசம்.

18 நவம்பர்

பெல்ஃபாஸ்ற்றில் இருக்கும் ஒரு அக்கா திருத்தியிருக்கிறார். வட அயர்லாந்தில் 4 வருடம். அங்கே சோதனையும் அரசாங்க நிலையங்களில்தான், இங்கே போலக் கராஜ்களில் இல்லை. நான் எழுதியது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. நன்றி அக்கா.

19 நவம்பர்

இன்னொரு திருத்தம், இது என்னுடைய பிழை. "பெயில் என்றால் அந்த நிமிடத்தில் இருந்து காரைத் தொடக்கூடாது" என்று தனிச் செய்தியில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. பழைய எம்.ஓ.டியின் திகதி இன்னும் முடியவில்லை, பெயிலில் டேஞ்சரஸ் என்று ஒன்றும் இல்லை என்றால் ஓடிக்கொண்டு போகலாம். ஆனால் கார் றோட்டுக்கு உகந்த நிலையில் இருக்க வேண்டும். டேஞ்சரஸ் என்று எழுதினால் திகதி இருந்தாலும் ஓடக்கூடாது. திகதியும் முடிந்துவிட்டால் திருத்தக் கொண்டுபோகவோ முன்கூட்டிப் பதிந்த சோதனைக்குக் கொண்டுபோகவோ மட்டும்தான் ஓடலாம்.

எனவே கடைசி நாள் வரைக்கும் வைத்திருக்க வேண்டாம். முடிகிற திகதிக்கு ஒரு மாதம், அதில் ஒரு நாள் குறைய, முன்னரே செய்யலாம். அடுத்த வருடத் திகதி மாறாது. பெயிலானாலும் திருத்த நாள் இருக்கும். இரண்டு கராஜில் விலை கேட்கலாம். அவசரத்தில் நிற்கிறவனிடம் எவரும் கூடத்தான் கேட்பார்கள்.

1 டிசம்பர்

உப்பு. இன்றைக்கு விடிய எங்கள் றோட்டால், றோட்டு உறையாமல் இருக்க உப்புத் தூவும் மஞ்சள் லொறி போய் வந்திருக்கிறது. நடைபாதை ஓரம் முழுக்கப் பழுப்பு நிறக் கல்லுப்பு. இந்த உப்பில் பெரும் பங்கு செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற இடத்துச் சுரங்கத்தில் இருந்து வருகிறது. அந்தச் சுரங்கம் தொடங்கியது 1844இல். உப்பு இல்லாவிட்டால் விடிய 5 மணிக்கு வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் சறுக்கிச் சாவோம். அதே உப்புத்தான் காரின் அடியைத் தின்கிறது. யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருந்தவர்களுக்கு இது புதிது இல்லை. வீட்டு ஜன்னல் கம்பி எப்படிப் பொருமிப் பொருமி உதிர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

நான் செய்வது: மாதம் ஒரு தரம், உறைபனி இல்லாத ஒரு நாளில், தண்ணிக் குழாயைச் சில்லு வளைவுக்குள் கொடுத்து ஐந்து நிமிடம் அடிப்பேன். மேலே பளபளப்பாகக் கழுவுவது கண்ணுக்கு. அடியில் கழுவுவதுதான் காருக்கு. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் என்ற பெட்டியின் அடியில் சின்னத் தண்ணீர்த் துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் உள்ளே தண்ணீர் நின்று உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெளியே தெரியும்போது பிந்திவிடும்.

3 டிசம்பர்

பிரஷர் வோஷர் பாவிக்கலாமா: தூரத்தில் பிடித்தால் பாவிக்கலாம். ரப்பர் மூடிகளுக்கு நேரே கிட்டப் பிடித்தால் தண்ணி உள்ளே போகும்.

15 டிசம்பர்

தம்பி, இந்தக் காரை விற்றுவிட்டு வேறு எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புது ஸ்பிரிங் போட்ட காரை இப்போது விற்பது எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் உங்கள் முடிவு. சிலது மட்டும்.

யூலெஸ் (புகை கூடிய கார் லண்டனுக்குள் ஓடினால் நாளுக்குக் கட்ட வேண்டிய காசு) பயத்தில் விற்க வேண்டாம். 2023 ஓகஸ்ற் 29இல் முழு லண்டனுக்கும் வந்தபோது எங்கள் ஆட்கள் பலர் நல்ல பெற்றோல் கார்களை அரைவிலைக்குக் கொடுத்தார்கள். பெற்றோல் என்றால் யூரோ 4 போதும், 2006இல் இருந்து பதிந்தவை பொதுவாகத் தப்பும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், அது பெரும்பாலும் 2015 செப்ரெம்பருக்குப் பிந்தியவை. உங்கள் 2011 பெற்றோலுக்கு 12.50 பவுண் வராது. நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

வாங்கும்போது: சரித்திரத்தை வாசிக்காமல் காரைப் பார்க்கப் போக வேண்டாம். போனால் காரின் பளபளப்புத்தான் கண்ணில் படும். மைல் ஒவ்வொரு வருடமும் கூடி வருகிறதா, ஒரு வருடம் திடீரென்று குறைகிறதா, ஒரே அட்வைசரி திரும்பத் திரும்ப வந்து கவனிக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து கவனிக்காமல் விட்டவன் ஒயிலையும் மாற்றியிருக்க மாட்டான். கறள் அட்வைசரி வந்து, அடுத்த வருடம் "அடிப்பக்கம் பூச்சால் மூடியிருக்கிறது" என்று குறிப்பு வந்தால் கவனம். மூடினவர் திருத்திவிட்டு மூடினாரா, மறைக்க மூடினாரா என்று நேரே கேளுங்கள்.

விபத்தில் அடிபட்டு, திருத்துவது கட்டாது என்று இன்சூரன்ஸ் எழுதித் தள்ளிய காரா என்று காசு கட்டி ஒரு செக் செய்யுங்கள், மேலே கடன் இருக்கிறதா என்பதும் அதில் வரும். அப்படித் தள்ளிய காருக்கு ஒரு எழுத்து இருக்கும். எஸ் என்றால் எலும்புக்கூட்டில் அடி. என் என்றால் எலும்புக்கூட்டில் அடி இல்லை. ஏயும் பியும் றோட்டுக்கே திரும்பி வரக்கூடாதவை.

றோட் ராக்ஸ் பழைய சொந்தக்காரரோடு முடிந்துவிடும். 2014 ஒக்ரோபர் 1இல் கண்ணாடியில் ஒட்டும் வட்டம் போனதோடு அந்தப் பழக்கமும் போனது. "ராக்ஸ் ஆறு மாதம் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். வி5 என்ற கார்ப் பதிவுப் புத்தகத்தின் பச்சைத் துண்டில் இருக்கும் 12 இலக்க எண்ணை வைத்து அந்த இடத்திலேயே போனில் கட்டலாம். முதல் இன்சூரன்ஸ், பிறகு ராக்ஸ், பிறகுதான் திறப்பைப் போட்டுத் திருப்புவது. வி5இல் பெயர் இருப்பது கார் அவருடையது என்பதற்குச் சாட்சி இல்லை என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. காசு கொடுத்த இரசீது ஒன்று கையெழுத்தோடு வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வீட்டு வாசலில் ஒருவரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. கடையில் கூடக் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு அந்த உரிமைக்கான காசு.

16 டிசம்பர்

ஊரில் இருந்து வந்த தம்பிக்காரர் ஓடலாமா என்பதற்கு: இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறி 12 மாதம் ஓடலாம். அதை இங்கத்தைய லைசென்ஸாக மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்கத்தான் வேண்டும். பரீட்சைக்கு நாள் கிடைப்பது கடினம், வந்த கிழமையே தொடங்கச் சொல்லுங்கள். அவர் ஓடுவதாக இருந்தால் இன்சூரன்ஸில் அவர் பெயரைச் சரியாகப் போடுங்கள். உண்மையில் அதிகம் ஓடுகிறவர் அவர், முதல் ஓட்டுநர் என்று உங்கள் பெயர், இந்த வேலை வேண்டாம். பிடிபட்டால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகும், இரண்டு பேருக்கும் பிறகு எங்கேயும் எடுப்பது கஷ்டம்.

8 ஜனவரி 2025

இது என் கதை. ஞாயிறு பின்னேரம், மழை, இருட்டு. நிழல் என்று நினைத்த இடம் குழி. முன் இடச் சில்லு விழுந்த சத்தத்தில் பின்னால் இருந்த மகள் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து போன் வெளிச்சத்தில் பார்த்தால் ரயரின் பக்கச் சுவரில் கொழுக்கட்டை அளவு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி வீங்கின ரயரோடு ஒரு மைல்கூடப் போகக்கூடாது. ரயர் 72 பவுண், சில்லு நேராக்க 45.

அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் போய்ப் படம் எடுத்தேன். குழிக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து, நடைபாதை ஓரமாக நின்று. ஆழம் 6 சென்ரிமீற்றர். பல கவுன்சில்கள் (றோட்டைப் பராமரிக்கும் உள்ளூராட்சிச் சபைகள்) 4 சென்ரிமீற்றரைத் தாண்டினால்தான் திருத்த வேண்டிய குழி என்று எடுக்கின்றன, எனவே அளவுகோல் படத்தில் தெரிவது முக்கியம். ரயர் இரசீது, கராஜ் எழுதித் தந்த துண்டு, படம், நேரம், இடம் எல்லாம் சேர்த்து நட்டஈடு கேட்டுக் கவுன்சிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

குழி எப்படி வருகிறது என்று மகள் கேட்டாள். றோட்டில் ஒரு முடி அளவு வெடிப்பு, அதற்குள் மழைத் தண்ணி, இரவு உறைந்து பருக்கும், விடிய உருகும், திரும்ப உறையும். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பும். பிறகு ஒரு பஸ் ஏறினால் துண்டாகப் பெயரும். "ஸ்பிரிங் மாதிரியே" என்றாள். நான் அந்தக் கதையை வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ.

26 பெப்ரவரி

கவுன்சில் மறுத்துவிட்டது. 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு. ஒழுங்காகப் பரிசோதித்து வந்தோம், இந்தக் குழி பற்றி எங்களுக்குத் தெரியாது என்று காட்டினால் அவர்கள் பொறுப்பு இல்லை. டிசம்பர் 12 பார்த்தோம், அப்போது குறை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் விடவில்லை. கடிதம் வரும் முன்னரே தகவல் அறியும் சட்டத்தில் அந்த றோட்டின் பரிசோதனைப் பதிவையும் பொதுமக்கள் அறிவித்த பதிவையும் கேட்டிருந்தேன். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், தந்தார்கள். டிசம்பர் 12 பரிசோதனை உண்மை. அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி அறிவித்தவர்கள்: நான் விழுந்த நாள் வரைக்கும் ஒருவரும் இல்லை.

இதுதான் என்னைக் குடைகிறது. அந்த றோட்டால் நாளுக்கு ஆயிரக்கணக்கான கார் போகிறது. நத்தாருக்கு அடுத்த நாளில் இருந்து அந்த வெடிப்பு அகன்று வருவதை நானே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு நாளாவது போனில் இரண்டு நிமிடம் செலவழித்து அறிவித்திருந்தால் அவர்களுக்குத் "தெரியாது" என்று சொல்ல இடம் இருந்திராது. திருத்தியும் இருக்கலாம். எனக்கு முதல் எத்தனை பேர் விழுந்தார்கள், எனக்குப் பிறகு சைக்கிளில் ஒரு பிள்ளை விழுந்ததா, எனக்குத் தெரியாது. 117 பவுண் போனது போகட்டும்.

அன்றில் இருந்து காணும் குழியை எல்லாம் அறிவிக்கிறேன். இதுவரை 9. அதில் 6 திருத்திவிட்டார்கள். ஒன்றில் மூன்றாம் நாளே தார் ஊற்றி அமத்தியிருந்தது.

27 பெப்ரவரி

கோர்ட்டுக்குப் போகலாமே என்று சொல்பவர்களுக்கு: சின்ன வழக்கு போடலாம். பரிசோதனைப் பதிவு ஒழுங்காக இருக்கிறது, முன்னறிவிப்பும் இல்லை. என் நிலையில் தோற்கத்தான் வழி. உங்கள் பதிவில் முன்னறிவிப்பு ஒன்று இருந்தால் போங்கள்.

21 மார்ச்

என் கார், 2009, எம்.ஓ.டி முடிவது ஏப்ரல் 20. இன்றைக்குத்தான் ஆக முந்திய நாள், கொண்டுபோனேன். பெயில்.

சோதனைக்காரர் என்னை அடியில் கூப்பிட்டார். கையில் ஒரு சின்னச் சுத்தியல் மாதிரிக் கருவி. இடப்பக்கம் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டியை முன்பக்கத்தில் இருந்து தட்டிக்கொண்டு வந்தார். டங், டங், டங். பின் சில்லுக்குக் கிட்ட வந்ததும் தொப். திரும்ப ஒரு தரம் தட்டினார், தொப். பூச்சு செதிலாக விழுந்தது, பின்னால் பழுப்புத் தூள். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். சீற்பெல்ற் பூட்டுகிற இடத்தில் இருந்து 30 சென்ரிமீற்றருக்குள் கறள் உடலைப் பலவீனமாக்கினால் பெயில். அளந்து காட்டினார், 22.

மேஜர்தான், டேஞ்சரஸ் இல்லை. பழைய திகதியும் இருக்கிறது. நவம்பரில் நான் எழுதின விதிப்படி ஓடிக்கொண்டு வரலாம். ஓட மனம் வரவில்லை. விபத்தில் அந்த பெல்ற் பிடிக்க வேண்டியது மகளை. அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். அங்கேயே விட்டுத் திருத்தினால் திரும்பச் சோதிக்கக் காசும் இல்லை.

22 மார்ச்

தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டுப் போட 240 பவுண் கேட்கிறார்கள். கார் விற்றால் ஆயிரம் வந்தால் பெரிது. "தூக்கி எறியுங்கோ அண்ணை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இரவு சரித்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். 16 வருடம், மைல் ஒழுங்கு, எஞ்சின் ஒயில் ஒழுகல் ஒன்றும் இல்லை, பிறேக் குழாய் 2022இல் மாற்றினது, ஸ்பிரிங் 2019. இதே ஆயிரத்துக்கு வெளியே வாங்கினால் சரித்திரம் தெரியாத, யாரோ கைவிட்ட ஒரு கார் வரும். ஒட்டச் சொல்லிவிட்டேன். புள்ளி புள்ளியாக ஒட்டினால் எம்.ஓ.டிக்கு ஏற்காது, சுற்றிவர இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். அதைச் சொல்லியே விட்டேன், செய்கிறவருக்கும் தெரிந்திருந்தது.

25 மார்ச்

பாஸ். காரை எடுக்கப் போனபோது ஒட்டினவர் ராம்ப்பில் இருந்து இறக்காமல் வைத்திருந்தார். சில் பெட்டியின் தண்ணீர்த் துளை இரண்டும் சேறால் அடைந்து கல்லாகக் கிடந்ததாம். டிசம்பரில் உங்களுக்கெல்லாம் அந்தத் துளையைப் பற்றி எழுதினேன், வலப்பக்கம் நானே குத்தி எடுத்தேன். இடப்பக்கம் சுவரோடு நிறுத்துவதால் குனிய முடியவில்லை, பிறகு பார்ப்போம் என்று விட்டது. பழைய ஸ்குறூட்றைவரால் அவர் குத்தியபோது தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு கோப்பை தண்ணி வடிந்ததாம். தரையில் ஈரம் இன்னும் காயவில்லை.

உள்ளே மெழுகு அடித்துத் தந்தார், 15 பவுண் கூட.

தம்பி, நீங்கள் பார்த்த 2014 காரின் சரித்திரத்தை வாசித்தேன். மைல் ஒழுங்கு. 2022இல் பின் பிறேக் குழாய் கறள் என்று அட்வைசரி, 2023இல் இல்லை. நேரே போகும்போது அதற்கான இரசீதைக் கேளுங்கள். இரசீது இருந்தால் வாங்கலாம். இல்லை என்றால், ராம்ப்பில் ஏற்றிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, வெள்ளன போன் எடுத்தால் நானும் வருகிறேன்.

என்னுடையதில் இந்த முறை அட்வைசரி இரண்டு: பின் வலப்பக்க ரயர் சட்ட அளவுக்குக் கிட்டத் தேய்வு, முன் இடப்பக்க பிறேக் தட்டு தேய்வு. ரயருக்குப் புதன்கிழமைக்குச் சொல்லிவிட்டேன்.